மிளகுக்கு ஒரு ஈ

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்தால் விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் போய்விடும். நேராகவே எழுதிவிடுகிறேன்.

என் அறையில், அதாவது இப்போது உங்கள் அறையில், ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. வாயில் வலைத்துணி கட்டியிருக்கும். காலி ஜாடி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒருவர் இருக்கிறார்.

அது ஒரு தாவும் சிலந்தி. வலை கட்டிக்கொண்டு நடுவில் காத்திருக்கிற ஜாதி இல்லை. பூனை மாதிரி பதுங்கிப் போய்ப் பாய்ந்து பிடிக்கும். மிளகு அளவுதான் இருக்கும், அதனால் மிளகு என்றே கூப்பிடுகிறேன். கடிக்காது. விரலைக் கிட்டே கொண்டுபோனால் ஓரடி பின்வாங்கி நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான்.

உயிருள்ள இரையைத்தான் தின்னும். வாழைப்பழத் தோலை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் சின்ன ஈக்கள் வந்து சேரும். ஒன்றிரண்டைப் பிடித்து உள்ளே விட்டால் போதும். வயிறு உருண்டையாக இருந்தால் பசி இல்லை, சுருங்கியிருந்தால் பசி. விரலை நனைத்து ஜாடிச் சுவரில் ஒரு சொட்டு தெறித்துவிட்டால் அதுவே குடித்துக்கொள்ளும். மருந்து அடித்த இடத்து ஈ மட்டும் வேண்டாம்.

இங்கே விடுதியில் ஒரு செடித்தொட்டிக்குக்கூட அனுமதி இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் துடைப்பத்தோடு வருவார். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் பூச்சிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவரால் தாங்க முடியாது. அதனால்தான் உங்கள் தையல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தவிர, போனைக் காதில் வைத்தால் எனக்கு ‘ம்’ என்பதைத் தவிர வேறு சொல் வராது.

நீங்கள் வீட்டுக்கு வந்த வாரமே நான் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. கிளம்பும் அன்று இதைச் சொல்லத்தான் மூன்று தடவை அடுக்களை வாசல் வரை வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்றீர்கள். நானும் வாங்கிக் குடித்துவிட்டேன். மூன்று டம்ளர் தண்ணீரோடுதான் பஸ் ஏறினேன்.

பிடிக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 6

அன்புள்ள ‘ம்’முக்கு,

இனி உனக்கு இதுதான் பெயர்.

கடிதத்தைப் படித்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். திரையை விலக்கினால் ஜாடி காலி. சரி, போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். வலைத்துணிக்குக் கீழே இருந்து இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்தன. அலறிவிட்டேன்.

உன் அம்மா, என் அத்தை, அடுக்களையிலிருந்து “என்னடி ஆச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்ல அத்தை, கட்டில்ல கால இடிச்சுக்கிட்டேன்.”

சொன்ன பொய்க்காகச் சாயங்காலம் வரை நொண்டினேன்.

இனி அவள் என்னோடு கடையில்தான் இருக்கப் போகிறாள். சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துவந்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டேன். நீ ‘அது’ என்று எழுதுகிறாய். எனக்கு வாயில் ‘அவள்’ என்றுதான் வருகிறது. அந்தப் பார்வைக்கு ‘அது’ போதாது.

இனி முக்கியமான சேதி. பழத்தோல் பாட்டிலில் பிடித்த ஈயைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தட்டிவிட்டேன். ஈ சுவரில் உட்கார்ந்தது. அவள் உடனே பாயவில்லை. உடம்பை அசைக்காமல் முகத்தை மட்டும் திருப்பினாள். இரண்டு அடி வைத்தாள், நின்றாள். ஈ நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். கத்தரி போடுவதற்கு முன்னால் நான் துணியைத் தடவிப் பார்ப்பேனே, அதுபோலப் பின்காலால் இடத்தைத் தடவிப் பார்த்தாள். அடுத்த கணம் ஈ அவள் வாயில் இருந்தது. நடுவில் நடந்தது என் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்போது அளவு கொடுக்க ஒரு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கை அளவை இடுப்புக்கு எழுதிவைத்துவிட்டேன். நல்லவேளை, வெட்டுவதற்குள் பார்த்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. நான் பையில் எடுத்து வந்தபோது முறித்துவிட்டேனா? உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் முறிக்கவில்லை. ஜன்னல் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடந்ததைத்தான் நான் எடுத்து வளர்த்தேன். அப்போதே ஏழு கால்தான். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்யும் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில், மைக்ரோஸ்கோப்புக்குப் பின்னால் மறைத்துவைத்துப் படித்தேன். ஈயைப் பிடித்த இடம் வந்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் இங்கே எழுப்பிய முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

முன்னங்கால் இல்லாததால் அது பாய்கிற பாய்ச்சலில் பாதி தவறிப்போகும். தவறினால் கீழே விழுந்து, நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து, ஒன்றுமே நடக்காதது போல முகத்தைத் துடைத்துக்கொள்ளும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் கவலைப்படாதீர்கள், அடுத்த முறை சட்டை மாற்றும்போது புதுக் கால் சேர்ந்தே வந்துவிடும். இதைச் சட்டை தைக்கிறவரிடம் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது.

எட்டுக் காலோடு அதைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. ஜாடியை விட்டு வந்ததில் எனக்குப் பெரிய குறை அதுதான்.

இப்படிக்கு,
ம்


ஜூன் 15

அன்புள்ள ‘ம்’முக்கு,

உனக்குக் கேலிகூட வருமா? கடிதத்தை உன் அண்ணனிடம் காட்ட முடியவில்லையே என்று தவித்துப்போனேன். கால் போனவளுக்குப் புதுச் சட்டை போட்டால் கால் முளைக்குமாம். சரி, அனுப்பிவை. அளவெடுத்துவிடலாம். காலர் கிடையாது, பொத்தான் கிடையாது, எட்டுக் கை. கூலி தினம் ஒரு ஈ என்று சொல்லிவிடு, அதையும் நான்தான் பிடித்துத் தர வேண்டியிருக்கும்.

கடையில் இப்போது அவளுக்குத் தெரியாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. நான் ஊசியில் நூல் கோர்த்தால் ஜாடிக்குள் நின்று பார்க்கிறாள். அளவு நாடாவை வீசினால் தலை அதன் பின்னாலேயே போகிறது. பக்கத்துத் தெருப் பல் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைத் துணியில் ஈ உட்கார்ந்தால் எனக்கு முன்னால் அவள் பார்த்துவிடுகிறாள்.

ஆனால் இந்த இரண்டு மூன்று நாளாக அவள் சரியில்லை. ஈ முகத்துக்கு நேரே நடந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கால்மேல் ஏறினால் தட்டிவிடுகிறாள். மூலையில் நூலை வெள்ளையாக இழைத்து இழைத்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறாள். முகமே தெரியவில்லை. காய்ச்சலா? இதற்கு யாரிடம் போவது? சீக்கிரம் எழுது.

அண்ணி


ஜூன் 18

என் கண்ணே,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் மிளகு போய்விட்டாள்.

நான்தான் காரணமாக இருக்கும். மூலையில் நூல் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. நூல் சிக்கிக்கொண்டால் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியாது. என் கை சும்மா இருக்காது. மெஷினில் அடிநூல் சிக்கிக்கொள்வது மாதிரி அவள் தன் நூலிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, ஒரு பக்கத்தை மெல்லக் கீறினேன்.

உள்ளே கிடந்தாள். இடுக்கியால் வெளியே எடுத்தேன். எண்ணினேன். ஏழு கால். அவளேதான். ஒரு கனமும் இல்லை. மூச்சு பட்டால் பறக்கிறாள். அவள் தலைமேல் ஒரு மூடி திறந்துகொண்ட மாதிரி இருந்தது. பட்டினி கிடந்து உள்ளே எல்லாம் காய்ந்துபோயிருக்கிறது.

யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் இது. வந்தவர்களிடம் கண்ணில் தூசி என்று சொன்னேன். ஒரு பொத்தான் டப்பாவில் பஞ்சு வைத்து அவளைப் படுக்கவைத்திருக்கிறேன். நீ வந்து பார்க்கும்வரை இருக்கட்டும். ஜாடியைத் திறந்தபடியே ஜன்னலில் விட்டுவிட்டேன். கழுவக்கூடக் கை வரவில்லை.

மறுநாள் பார்த்தால் என் மெஷின் விளக்கின்மேல் வேறொரு சிலந்தி. இவளைவிடப் பெரியது, பளபளவென்று கறுப்பு, எட்டுக் காலும் இருந்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் வெளுத்து மெலிசாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரி போல என்னையே பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அளவு நாடாவால் ஒரு தட்டு தட்டினேன். கோட்டுக் குவியலில் போய் விழுந்தது. கோட்டுகளை மடித்து, கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

நீ திட்டி எழுதினால்கூடப் பரவாயில்லை. ‘ம்’ என்று மட்டும் எழுதிவிடாதே.

அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

மிக அவசரம். தபால் பெட்டியைத் திறக்க ஆள் வருவதற்குள் எழுதுகிறேன்.

அந்த வெள்ளை நூலைத் தொடாதீர்கள். அது காய்ச்சல் இல்லை. நான் கேலி செய்யவும் இல்லை. சிலந்தி வளரும்போது பாம்பைப் போலத் தோலை உரிக்கும். அதைத்தான் சட்டை என்று எழுதினேன். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எட்டுக் கை சட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். அது கேலி இல்லை என்று திருத்தி எழுத இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலிலேயே விளக்கமாக எழுதியிருக்க வேண்டியவள் நான்.

அந்தக் கூடாரத்துக்குள் படுத்துத்தான் சட்டையைக் கழற்றும். அதுவரை தின்னாது. உள்ளே ஈ இருந்தால் எடுத்துவிடுங்கள், மேலே ஏறித் தொந்தரவு செய்யும். கழற்றிய சட்டை செத்த சிலந்தி மாதிரியே இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

கால் வருகிறதா என்று பாருங்கள் அண்ணி.

ம்


ஜூன் 22

அடி ‘ம்’மே,

உன் கடிதம் வருவதற்குள் உன் போன் வந்துவிட்டது. நான் எழுதியதைப் படித்துவிட்டு நீ அங்கே போனை எடுத்தாய். இங்கே என்ன நடந்தது என்பதைக் கேள்.

போன் அத்தை கையில், வழக்கம்போல ஸ்பீக்கரில். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு முழுக்க உன் குரல்: “அண்ணியக் கூப்பிடுங்க. அண்ணி, அது சாகல. டப்பால இருக்கறது அதோட சட்டை. வெளக்கு மேல இருந்ததுதான் அது. புதுக் கால் வந்திருக்கு அண்ணி, அந்த மெலிசான கால். எங்க தட்டிவிட்டீங்க?”

அத்தை போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். “யாருடி சாகல? யாருக்குப் புதுசா கால் வந்துச்சு?”

நான் ஈரக் கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜாடி, பழத்தோல், நொண்டியது வரைக்கும். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது. அத்தை போனை வைத்தார்.

அப்புறம் சொன்னார், “இவ இவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. பொறந்தப்பகூட மெதுவாத்தான் அழுதா. செருப்ப மாட்டு.”

பல் டாக்டர் நம் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவருக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். மீதிக் கோட்டுகளை நான் வரவேற்பறையில் உதறினேன். கைக்குள், பைக்குள், மடிப்புக்குள் எங்கும் இல்லை. உள்ளேயிருந்து, நாற்காலியில் படுத்திருந்தவர் “ஆ, ஆ” என்று மேலே கை காட்டினார். டாக்டர் “கொஞ்சம் பொறுத்துக்கங்க, வலிக்காது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தைதான் முதலில் எட்டிப் பார்த்தார். “அவருக்குப் பல்லு வலிக்கல டாக்டர். மேல பாருங்க.”

நம்மவள் நாற்காலிக்கு மேலே இருக்கிற விளக்கின் விளிம்பில் நின்று, அவருடைய திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்டூலில் ஏறினேன். ஊசிக் காதில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிற கையை அங்கே நீட்டவே முடியவில்லை. மறுபடி எதையாவது முறித்துவிடுவேனோ என்று பயம். “எறங்கு நீ” என்றார் அத்தை. வாய் கொப்பளிக்கிற பேப்பர் கப்பை எடுத்து அவள்மேல் கவிழ்த்தார். அந்த மனிதரின் எக்ஸ்ரே படத்தை அடியில் செருகினார். அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பிக் கேட்டார். “ஜாடில விட்டுட்டுக் குடுத்தனுப்பறேன், எங்கயும் போயிடாது” என்றார் அத்தை.

தெரு முழுக்கக் கப்பைத் தன் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தார். “இது என் மேல தொட்டுச்சு, உன்னைத்தான் கேப்பேன்.”

எட்டுக் கால். நான் எண்ணினேன், அத்தையும் எண்ணினார்.

ஆனால் வயிறு சுருங்கித் துணி மடிப்பு மாதிரி கிடக்கிறது. ஜாடிக்குள் விட்டதிலிருந்து ஒரு மூலையிலேயே இருக்கிறாள். பெரிய ஈயாகப் பார்த்து உள்ளே விட்டேன். பயந்து பின்வாங்கினாள். எவ்வளவு நாளாகப் பட்டினியோ. சாகாதவளை மறுபடி சாகவிடக் கூடாது. என்ன செய்யட்டும், சொல்.

அண்ணி

பின்குறிப்பு: சட்டை தைக்கிற எனக்குச் சட்டையைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. இதை உன் அண்ணனிடம் சொல்லாதே, ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.


ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

எட்டுக் கால் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் மீதிக் கடிதத்துக்கு வந்தேன். அம்மா கப் பிடித்து நடந்து வருவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. முயன்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது தண்ணீர். ஜாடிச் சுவரில் சொட்டு தெறித்துவிடுங்கள். முதலில் குடிக்கட்டும். பெரிய ஈ வேண்டவே வேண்டாம். சட்டை கழற்றிய பிறகு சில நாளுக்கு அதன் பல் மெத்தென்று இருக்கும், கடிக்க முடியாது. பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தும் பயன் இல்லை. இந்தக் கடிதம் வரும்போது பல் கெட்டிப்பட்டிருக்கும். அப்போது பாட்டிலில் இருப்பதிலேயே சின்ன ஈயாக ஒன்றை விடுங்கள்.

வயிறு அவ்வளவு சுருங்கியிருந்தால் அதிகம் தாங்காது அண்ணி. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்போது தின்றால் பிழைக்கும். தின்னாவிட்டால் இல்லை. எதுவானாலும் அப்படியே எழுதுங்கள்.

நான் போன் செய்தது வராந்தாவில். திரும்பினால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நிற்கிறார்கள். எங்கள் மேடம், “யார் சாகலை?” என்று கேட்டார். ‘ம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. அதனால் சொல்ல ஆரம்பித்தேன். கண் எப்படி இருக்கும், எப்படிப் பதுங்கும், தாவுவதற்கு முன் நூலை எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லோருடைய டீயும் ஆறிவிட்டது. இப்போது தினமும் காலையில் வந்ததும் “மிளகு சாப்பிட்டுச்சா?” என்று கேட்கிறார்கள். நான் “இன்னும் இல்லை” என்கிறேன்.

ம்


ஜூன் 29

அன்புள்ள ‘ம்’முக்கு,

ஜாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். நடப்பதை நடக்கிறபடியே எழுதிவிடுகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி தண்ணீர் தெறித்தேன். சொட்டுக்கு முகத்தைக் கொடுத்து, அது பாதியாகும் வரை குடித்தாள். நேற்று ஈ விட்டேன். தொடவில்லை. இன்று கடையில் வேலை நடக்காது என்று எழுதிப் போட்டுவிட்டேன். அத்தை ஸ்டூலில் இருக்கிறார். என் பாட்டிலைப் பார்த்து, “இதுல இருக்கறதெல்லாம் ஈயா, தூசியா?” என்கிறார். சின்னதாகத்தான் வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். “சரி, பச்சப் புள்ளைக்குக் குழைச்சு ஊட்டற மாதிரி” என்று அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

விட்டாயிற்று. ஈ மேலே இருக்கிறது. இவள் கீழே. அசையவில்லை.

இன்னும் அசையவில்லை. அத்தை “பசி மரத்துப்போச்சு போல” என்கிறார்.

ஈ இறங்கி வருகிறது. தலையைத் திருப்பினாள். ஆமாம், திருப்பினாள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார், எழுத முடியவில்லை.

ஒரு அடி வைத்தாள். புதுக் காலையும் தூக்கி வைக்கிறாள். கொஞ்சம் நடுங்குகிறது. நின்றாள். ஈ நின்றது. பின்காலால் இடத்தைத் தடவுகிறாள். பதுங்

தாவினாள். தவறிவிட்டது. நூலில் தொங்குகிறாள். கடவுளே.

ஏறி வந்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, உடனே திரும்பிவிட்டாள். ஈயை விடவில்லை. பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் போகிறாள்.

பிடித்துவிட்டாள்.

பிடித்துவிட்டாளடி. இரண்டு முன்னங்காலாலும் கட்டிப் பிடித்திருக்கிறாள், புதுக் காலும் சேர்த்து. ஈயின் இறக்கை ஒன்று படபடத்து அடங்கியது. தின்கிறாள். உன் கூடத்தில் எல்லோரிடமும் சொல். மேடத்திடம் முதலில் சொல்.

நான் மூக்கை ஜாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அத்தை என் தலையைப் பிடித்து இழுத்தார்.

“சாப்பிடறப்ப உத்துப் பாக்காதடி. கண்ணு படும். அந்தப் பக்கம் திரும்பு.”

“அத்தை, அவளுக்கே எட்டு கண்ணு. நம்ம கண்ணு என்ன பண்ணிடும்?”

“திரும்புன்னா திரும்பு.”

ஆகவே நாங்கள் இரண்டு பேரும் ஜாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதற்குமேல் நடப்பதை என்னால் எழுத முடியாது, நான் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் நடுநடுவே திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.

அண்ணி